காருக்கும் ஒரு பிளக்!

வல்லத்திராக்கோட்டையில் எங்கள் வீட்டில் டைனமோ பூட்டிய பழைய சைக்கிள் ஒன்று உண்டு. டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்ததும் மிதிப்பது கனக்கும். ஏன் தெரியுமா? உங்கள் உழைப்பில் ஒரு பங்கு மின்சாரமாக மாறுகிறது. ஹைபிரிட் கார் பிரேக் பிடிக்கும்போது இதையேதான் செய்கிறது. கிடைத்த மின்சாரத்தைப் பாட்டரியில் சேமிக்கிறது.

2004-இல் விற்பனையான டொயோட்டா பிரியஸ் காரின் பாட்டரி 201.6 வோல்ட், 6.5 ஆம்பியர்-மணி. பெருக்கிப் பாருங்கள்: சுமார் 1.3 யூனிட். கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் என்று கொண்டால், முழுதும் செலவழித்தாலும் 9 கி.மீ. ஓடாது. அந்த 1.3 யூனிட்டும் எங்கிருந்து வந்தது? பெட்ரோலிலிருந்துதான்!

அதே ஆண்டு கலிபோர்னியாவில் 'கால்கார்ஸ்' குழுவினர் ஒரு பிரியஸில் கூடுதல் பாட்டரிகளை வைத்து, வீட்டு மின்சாரத்தால் சார்ஜ் செய்து ஓட்டினார்கள். 5 யூனிட் சேர்த்தால் 33 கி.மீ. கிடைக்கும். ஆனால் அவர்கள் முதலில் வைத்தது ஈய-அமில பாட்டரி. அதில் கிலோவுக்குச் சுமார் 35 வாட்-மணிதான். 5 யூனிட்டுக்கு எடை 140 கிலோவைத் தாண்டும். இரண்டு பெரியவர்களை எந்நேரமும் சுமப்பது போல! பின்னர் வந்த லித்தியம் பாட்டரிகள் இந்தச் சுமையைக் குறைத்தன.

2010-இல் புனேயின் கே.பி.ஐ.டி. நிறுவனம், சாதாரண பெட்ரோல் காரையே இவ்வாறு மாற்றும் 'ரெவோலோ' சாதனத்தை அறிவித்தது. 2012-இல் டொயோட்டாவே பிளக் வைத்த பிரியஸை விற்கத் தொடங்கியது.

எச்சரிக்கை: 200 வோல்ட் பாட்டரி உயிரைப் பறிக்கும், அதைத் தொடாதீர்கள். கணக்கை மட்டும் செய்யுங்கள். உங்கள் ஊரிலிருந்து பக்கத்து நகரத்துக்குப் போய்வரும் தூரத்தை 0.15-ஆல் பெருக்குங்கள். விடை 5-க்குள் வருகிறதா? அப்படியானால் அந்தப் பயணத்தின் பெட்ரோல் பெரும்பாலும் மிச்சம்!