செஞ்சிக் கோட்டை உச்சியில் 60 அடிப் பள்ளம்... ஆறே இல்லாத இடத்தில் எப்படி வந்தது?

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு, செஞ்சி நெருங்குவது ஜன்னல் வழியாகவே தெரிந்துவிடும். யாரோ லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிய மாதிரி, குன்று குன்றாக உருண்டைப் பாறைகள். அதில் உயரமானது சுமார் 800 அடி ராஜகிரி. மூச்சு வாங்கப் படியேறினால், உச்சிக் கோட்டைக்குள் நுழையும் முன் ஒரு பாறைப் பிளவு குறுக்கே வரும். அகலம் சுமார் 24 அடி, ஆழம் 60 அடி. பாலம் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போக முடியாது.

பள்ளத்தாக்கு என்றாலே ஆறுதான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனை அறுத்தது கொலராடோ ஆறு, ஆந்திராவின் கண்டிக்கோட்டையை அறுத்தது பெண்ணாறு. மலை உச்சியில் ஆறு ஏது?

இங்கே வேலை பார்த்தது வெடிப்பு. செஞ்சியின் கிரானைட்டுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பூமிக்கு அடியில், பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக் குழம்பு மெல்ல ஆறி இறுகியது. மேலே இருந்த அடுக்குகள் காலப்போக்கில் தேய்ந்து போக, அழுத்தம் குறைந்த பாறை விரிந்து, கட்டம் கட்டமாக வெடித்தது.

அந்த வெடிப்புகளில் மழைநீர் இறங்கும். கிரானைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் தண்ணீர் பட்டுப் பட்டுக் களிமண்ணாகும். சதுரக் கல்லின் மூலைகளில் இரண்டு மூன்று பக்கமிருந்தும் தண்ணீர் தாக்குவதால், முதலில் கரைவது மூலைதான். உருண்டைகள் வந்தது அப்படித்தான். சுற்றியிருந்த மண்ணை மழை கழுவிக்கொண்டு போனதும் அவை ஒன்றன்மேல் ஒன்றாக நின்றுவிட்டன. வெடிப்பு ஆழமாக ஓடிய இடத்தில் பிளவு விழுந்தது.

மிச்சத்தை மனிதர்கள் செய்தார்கள். இயற்கையாக இருந்த பிளவைக் கோட்டைக்காரர்கள் இன்னும் நீட்டி, ஆழப்படுத்தி, மேலே மரப்பாலம் போட்டார்கள். எதிரி வந்தால் பாலத்தை எடுத்துவிட்டால் போதும், செம பிளான்! 1690-இல் முற்றுகையிட்ட முகலாயப் படைக்கு, ராஜாராம் இருந்த இந்தக் கோட்டையைப் பிடிக்க 1698 வரை ஆனது. பிளவு மட்டுமே காரணம் இல்லை; ஆனால் குன்றுகளை இணைத்து ஓடும் மதில்களுக்குப் பாதி வேலையைப் பாறையே மிச்சப்படுத்தியிருக்கிறது.

கீழே சக்கரக்குளம் அருகே ‘கைதிக் கிணறு’ என்றொரு பாறை. நடுவில் இயற்கையான துவாரம். கைதிகளை உள்ளே தள்ளிப் பட்டினி போட்டார்கள் என்பது செவிவழிக் கதை. பலரும் கதையை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கல்லுக்குள் ஓட்டை எப்படி வந்தது என்பதும் சுவாரசியமான கேள்விதானே?

2025 ஜூலையில் மராட்டியரின் 12 கோட்டைகளுக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய அந்தஸ்து கொடுத்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இருப்பது செஞ்சி மட்டும். கோட்டைக்குள் இருப்பதால் இந்தப் பாறைகளுக்குத் தொல்லியல் துறையின் காவல் உண்டு. மதிலுக்கு வெளியே உள்ள கருங்கல் குன்றுகளுக்கு அப்படிப் பெயரோ பட்டயமோ கிடையாது. விழுப்புரம் மாவட்டத்தின் கல்குவாரிகளில் ஜல்லியாக உடைபடுவதும் குன்றுகள்தான்.