தொடுகைக்கும் எமது சம்மதம் வேண்டும்

கொச்சிக்கடையில் நான் சந்திக்கும் தாய்மாரில் ஒருவர் முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். தையல் மெசின்தான் அவரது சீவியம். மகள் பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் விளையாடுகிறாள். ஒருநாள் அவள் கணுக்கால் சுளுக்கி, வீங்கிய காலுடன் வந்தாள். எண்ணெய் போட்டு உருவிவிட அயலவர் ஒருவர் முன்வந்தபோது தாய் தடுத்துவிட்டார்.

"என்ர உடம்பில ஒருத்தரும் கைவைக்க நான் விடுறேல்லை, தங்கச்சி. அவளையும் விடமாட்டன்" என்றார். அந்தப் பதிலுக்குப் பின்னால் இருப்பதை எமது வாசகிகளுக்கு விளக்கத் தேவையில்லை.

அன்று அவர் தடுத்தது நல்லதே. புதிதாக வீங்கிய சுளுக்கை உருவக்கூடாது. ஆனால், தொடுகை எல்லாமே தீங்கானதா?

எமது சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என ஒன்பது முறைகள் அதில் உண்டு. மேலைநாட்டில் ஐடா ரோல்ஃப் (1896–1979) என்ற அமெரிக்க உயிர் இரசாயனவியலாளர், உடலின் அமைப்பையே கையால் சீர்படுத்தும் முறையொன்றை உருவாக்கினார். தசைகளைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு உடல் முழுவதும் தொடர்ச்சியாக உள்ளது. அதை மெதுவாக அழுத்தித் தளர்த்தினால் உடல் நேராக நிற்கும் என்பது அவரது கருத்து. பத்து அமர்வுகளில் அதனைச் செய்தார்.

இதனால் விளையாட்டு வீராங்கனைக்கு என்ன பயன்? 29 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வெளியான கட்டுரையொன்று, தசைகளைப் பிடித்துவிடுவதால் வேகமோ பாய்ச்சலோ பலமோ கூடியதற்குச் சான்றில்லை என்கிறது. உடல் வளைந்துகொடுக்கும் தன்மை சற்றுக் கூடுகிறது; பயிற்சிக்குப் பின் வரும் தசைநோவு சற்றுக் குறைகிறது. சிறிய உதவிதான். ஆனாலும் நோவு குறைந்தால் மறுநாள் பயிற்சி இலகுவாகும்.

யாழ்ப்பாணம் ஈவினையில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தை நீங்கள் அறிவீர்கள். 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் அவர் இருந்தார். உயரம் பிறப்போடு வந்தது; குறி தவறாமல் பந்தைப் போடுவது பயிற்சியால் வந்தது. பயிற்சி, உணவு, நித்திரை ஆகிய மூன்றுக்கும் அடுத்ததாகவே கைச்சிகிச்சை வரும்.

சகோதரிகளே, சில விடயங்களை மனதில் வையுங்கள். உடலில் ஷெல் துண்டு இருந்தால் முதலில் வைத்தியரிடம் கூறுங்கள். அந்த இடத்தை அழுத்த விடவேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் பிடித்துவிடாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். காய்ச்சல், ஆறாத காயம், எலும்புமுறிவு இருந்தாலும், கர்ப்பிணியாக இருந்தாலும் கேட்காமல் செய்யக்கூடாது.

பெண் சிகிச்சையாளரைக் கேட்பதும், துணைக்கு ஒருவரை வைத்திருப்பதும், எங்கே ஏன் தொடுகிறார்கள் என்று கேட்பதும், "போதும்" என்றவுடன் நிறுத்தச் சொல்வதும் உங்கள் உரிமை. இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அந்த மகளை அரசாங்க வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். தாய் பக்கத்திலேயே இருந்தார். தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் சிகிச்சையாளர் பிள்ளையிடம் கேட்டதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சில வாரப் பயிற்சிகளின் பின் மகள் மைதானத்துக்குத் திரும்பினாள்.

அண்மையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தையல் மெசினுக்கு முன்னால் தாய் கண்மூடி இருந்தார். மகள் அவரது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். "இங்க அமத்தட்டா, அம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் கைவைத்தாள்.