புத்தக அலமாரிக்குப் பின்னால்

ஒரு சமூகத்தையே வேரோடு அழிக்கத் துணிந்த சர்க்கார் முதல் நாளிலேயே வாளை உருவிக்கொண்டு வருவதில்லை. பேனாவையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு வருகிறது. 1940-ம் வருஷம் மே மாதத்தில் ஹிட்லரின் படைகள் ஹாலந்து தேசத்தைக் கைப்பற்றிய பின், அங்கே யூதர்களுக்கு நேர்ந்த கதி இதற்குத் தக்க திருஷ்டாந்தமாகும். ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒளிந்து வாழ்ந்த பிராங்க் குடும்பத்தாரின் சரித்திரத்தைக் கேட்டுக் கண்ணீர் விடாதவர் இல்லை. ஆனால் கண்ணீரோடு விட்டுவிடத்தக்க சரித்திரமன்று அது.

குடும்பத் தலைவர் ஆட்டோ பிராங்க் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலக யுத்தத்தில் ஜெர்மன் சைன்யத்தில் சேர்ந்து போர் புரிந்து, அதிகாரிப் பதவியும் பெற்றவர். அத்தகைய தேசபக்தியும் அவருக்குத் துணை செய்யவில்லை. 1933-ல் ஹிட்லரின் ஆட்சி ஏற்பட்டதும் அவர் பிறந்த நாட்டைத் துறந்து, மனைவி எடித், புதல்விகள் மார்கோ, ஆன் ஆகியோருடன் ஹாலந்தில் குடியேறினார். பழப்பாகு செய்வதற்கு வேண்டிய சரக்கை விற்கும் வியாபாரத்தை அங்கே நடத்திவந்தார். விட்டு வந்த அபாயம் ஏழு வருஷங்களில் அவரைத் தொடர்ந்து அங்கேயும் வந்து சேர்ந்தது.

1941 ஜனவரியில், யூதர் அனைவரும் சர்க்காரிடம் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. அநேகமாக எல்லோரும் அதற்குக் கீழ்ப்படிந்தார்கள். அவர்களுடைய அடையாளச் சீட்டுகளில் 'ஜே' என்ற எழுத்து பொறிக்கப்பட்டது. யூதக் குழந்தைகள் தனிப் பள்ளிக்கூடங்களுக்குத் துரத்தப்பட்டனர். 1942 மே மாதம் முதல் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சைக்கிளை ஒப்படைத்துவிடு, டிராம் வண்டியில் ஏறாதே, இரவு எட்டு மணிக்குமேல் வெளியே தலைகாட்டாதே என்று அடுத்தடுத்து உத்தரவுகள் வந்தன. ஒவ்வொன்றும் தனித்துப் பார்த்தால் சகித்துக்கொள்ளக் கூடியதாகவே தோன்றிற்று. ஆனால், 'ரயில் ஏறு' என்ற உத்தரவு வந்தபோது, எந்த யூதர் எந்தத் தெருவில் எந்த வீட்டில் வசிக்கிறார் என்பது முழுவதும் அட்டைகளில் எழுதி அடுக்கப்பட்டிருந்தது. எழுதி அடுக்கியவர்களோ பெரும்பாலும் ஹாலந்து தேசத்து உத்தியோகஸ்தர்களே! தங்கள் கடமையைச் செய்கிறோம் என்று அவர்கள் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

1942 ஜூலை 5-ந் தேதி, பதினாறு வயதுப் பெண்ணான மார்கோவுக்கு ஜெர்மனிக்கு வேலைக்கு வரும்படி உத்தரவு கிடைத்தது. மறுநாளே குடும்பம் தலைமறைவாயிற்று. பிரின்சன்கிராக்ட் கால்வாய்க் கரையில், 263-ம் நெம்பர் கட்டடத்தில் இருந்த அவர்களது வியாபாரக் காரியாலயத்தின் பின்கட்டே மறைவிடம். மூவர் கொண்ட மற்றொரு குடும்பமும், பின்னர் ஒரு பல் வைத்தியரும் வந்து சேர, எட்டுப் பேராயினர். கீழே கிடங்கில் வேலை செய்தவர்களுக்கு விஷயம் தெரியாது. ஆகையால் பகல் வேளையில் உரக்கப் பேசவும், செருப்போடு நடக்கவும், குழாய்த் தண்ணீரைத் திறக்கவும் வழியில்லை. இவ்விதம் இரண்டு வருஷமும் ஒரு மாதமும் கழிந்தன.

இந்த எட்டுப் பேரைக் காப்பாற்றியவர்கள் யார்? பெரிய தலைவர்களா? இல்லை. குக்ளர், கிளைமன் என்ற காரியாலய நிர்வாகிகள் இருவர். மீப் கீஸ், பெப் வோஸ்கைல் என்ற பெண் குமாஸ்தாக்கள் இருவர். பெப்பின் தந்தை, மறைவிடத்தின் வாயிலை மூடுவதற்குக் கீல் வைத்த புத்தக அலமாரி ஒன்றைச் செய்துகொடுத்தார். மீப்பின் கணவர் யான் நகரசபை ஊழியர். ரேஷன் சீட்டுகளை ரகசியமாகச் சேகரித்துக் கொடுத்தார். பதிவேட்டை நிரப்பிய குமாஸ்தாவும் ஒரு காரியாலயத்தில் சம்பளம் பெற்றவர்தான். ரொட்டி சுமந்த குமாஸ்தாவும் அப்படியே. ஒருவர் உத்தரவைக் கண்டார். மற்றொருவர் மனிதரைக் கண்டார். வித்தியாசம் அவ்வளவே.

பதிவேடே கொலைக்கருவி என்பதை அந்நாட்டுத் தேசபக்தர்களும் உணர்ந்தார்கள். 1943 மார்ச் 27-ந் தேதி, ஓவியர் அரோண்டேயஸ், சிற்பி வான் டெர் வேன் முதலியோர் போலீஸ் உடுப்பில் புகுந்து, ஆம்ஸ்டர்டாம் ஜனப் பதிவுக் காரியாலயத்தை வெடிவைத்துக் கொளுத்தினர். அட்டைகளில் ஒரு பகுதியே அழிந்தது. அரோண்டேயஸ் உட்படப் பன்னிரண்டு பேர் ஜூலை 1-ந் தேதி சுடப்பட்டனர்.

1944 ஆகஸ்டு 4-ந் தேதி போலீஸார் அலமாரிக்கு முன்னால் வந்து நின்றனர். காட்டிக்கொடுத்தவர் யார் என்பது யுத்தத்திற்குப் பின் நடந்த விசாரணைகளில் நிரூபணமாகவில்லை. எட்டுப் பேருடன் குக்ளரும் கிளைமனும் கொண்டுபோகப்பட்டனர். பணத்தையும் நகையையும் போட்டுக்கொள்வதற்காக அதிகாரி ஒரு கைப்பையைக் காலி செய்து காகிதங்களைத் தரையில் கொட்டினான். அவை பதினைந்து வயது ஆன் எழுதிய நாட்குறிப்பு. மீப்பும் பெப்பும் அவற்றைப் பொறுக்கி எடுத்தனர். மீப் அவற்றைப் படியாமலே தம் மேஜையறையில் பத்திரப்படுத்தினார். வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ஆஷ்விட்ஸுக்குப் புறப்பட்ட கடைசி ரயிலில் எட்டுப் பேரும் ஏற்றப்பட்டனர். எடித் ஆஷ்விட்ஸில் மாண்டார். மார்கோவும் ஆனும் பெர்கன் பெல்சன் முகாமில் 1945 தொடக்கத்தில் நோயால் மடிந்தனர். ஏப்ரல் 15-ந் தேதி பிரிட்டிஷ் படை அங்கே வந்தபோது காலம் கடந்துவிட்டது. திரும்பியவர் ஆட்டோ ஒருவரே. மகளின் நாட்குறிப்பை அவர் 1947-ல் வெளியிட்டார்.

ஹாலந்தில் இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் 1,00,000 பேருக்கு மேல் மாண்டனர். இத்தனை பேரையும் சாகடிக்க ஹிட்லர் ஒருவனால் ஆகுமா? முதல் உத்தரவுக்கு எழுதிய கைகளும், அடுத்த உத்தரவுக்கு வாய்மூடி இருந்தவர்களும் அவனுக்கு வேண்டியிருந்தது. அநீதியை எதிர்க்க வேண்டிய நாள் ரயில் புறப்படும் நாளன்று; முதல் ஏடு விரிக்கப்படும் நாளே. பொதுவாழ்வில் ஈடுபட்டவர்கள் இதை மறவாதிருப்பார்களாக.