கல் நட்டால் மனையா?

திருவேற்காட்டில் கருமாரியம்மனைத் தரிசித்துவிட்டுத் திரும்பும்போது, "மனைகள் விற்பனைக்கு" என்ற பலகை உங்கள் கண்ணில் படாமல் இராது. அம்மன் காலடியிலேயே அரை கிரவுண்டு வாங்கிப் போட்டால் என்ன என்று மனம் சபலப்படும். சபலப்படுங்கள், தப்பில்லை. ஆனால் வளையலைக் கழற்றிக் கொடுக்குமுன் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள், சகோதரி: "இந்த நிலத்தைச் சர்க்கார் எதற்கென்று ஒதுக்கியிருக்கிறது?"

தரகர் இதற்கு நேராகப் பதில் சொல்லமாட்டார். பட்டா இருக்கிறது என்பார். வில்லங்கம் இல்லை என்பார். பக்கத்து மனைக்கு மின்சாரமே வந்துவிட்டது என்பார். அத்தனையும் மெய்யாகவே இருக்கலாம். ஆனால் பட்டா சொல்வது நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை. வில்லங்கச் சான்று சொல்வது, அதன்மேல் பதிவான கிரயத்தையும் கடனையும். அங்கே வீடு கட்டலாமா என்பதை இரண்டும் சொல்வதில்லை.

அதைச் சொல்வது மாஸ்டர் பிளான். திருவேற்காடு, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் எல்லைக்குள் இருக்கிறது. 2026-ஆம் ஆண்டை இலக்காக வைத்து 2008-இல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளான், நிலங்களை முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம், திறந்தவெளி என்றெல்லாம் பிரித்தது. நாம் வீட்டைக் கூடம், அடுப்படி, பூஜையறை என்று பிரிப்பதில்லையா? கூடத்தில் அம்மியைப் போட்டு அரைக்க எந்த மாமியார் சம்மதிப்பார்! கலப்புக் குடியிருப்பு என்றால் அடுத்த மனையில் கடையோ ஆபீஸோ எழும்ப இடமுண்டு. மத்தியானத் தூக்கத்தில் பிரியமுள்ளவர்கள் கவனிக்க.

பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. குழுமத்தின் இணையதளத்தில் ஊர்ப் பெயரையும் சர்வே எண்ணையும் கொடுத்தால் போதும். பிள்ளையின் கைபேசியிலேயே பார்த்துவிடலாம். தரகர் மடித்து வைத்த வரைபடத்தை நீட்டினால், எந்த வருஷத்துப் படம் என்று கேளுங்கள். 2026-க்கு அப்புறத்துக்கான மூன்றாவது திட்டத்துக்கும் வேலை தொடங்கிவிட்டது.

முன்பெல்லாம் வயலில் கல் நட்டு, பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரை ஒன்றைக் காட்டி "அப்ரூவ்டு" என்று விற்றார்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரம் அவருக்கு இருந்ததே இல்லை! 2016 செப்டம்பரில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பெண் கல்யாணத்துக்கென்று மனை வாங்கி வைத்திருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்பனையான மனைகளுக்கு வழி பிறந்தது. ஆனால் நீர்நிலையில் போட்ட மனைக்கு அப்போதும் வழி இல்லை.

நீர்நிலை என்றதும் கோலடி ஏரி ஞாபகம் வருகிறது. திருவேற்காட்டிலேயே இருப்பதுதான். ஆக்கிரமிப்பு என்று சொல்லி அங்கே கட்டிடங்களை 2024-இல் இடித்தார்கள். சேமித்த காசெல்லாம் போட்டுக் கட்டிய வீடு கண்ணெதிரே சரிவதைவிடக் கொடுமை ஒரு குடும்பத்துக்கு வேறென்ன இருக்கிறது? வரி ரசீதும் மின் இணைப்பும் ஏரியை மனையாக்கிவிடா. கிராமத்து 'அ' பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே ஏரி என்றோ, புறம்போக்கு என்றோ இருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பிப் பாராமல் வந்துவிடுங்கள். அந்தப் பதிவேட்டையும் சர்க்கார் இணையதளத்தில் பார்க்கலாம்.

விவசாயம் என்றிருந்தால்? உபயோகத்தை மாற்றித் தரும்படி குழுமத்துக்கு மனுப் போடலாம். "மாற்றிவிடலாம் அம்மா, நான் ஆச்சு!" என்று தரகர் சொன்னால், மாற்றிய உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு பிறகு முன்பணம் கொடுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. உங்கள் தெருவிலேயே யாராவது அப்படி மனுப் போட்டால், ஆட்சேபணை கேட்டுத் தினசரிகளில் பொடி எழுத்தில் அறிவிப்பு வரும். அலமாரித் தட்டில் அந்தத் தாளை விரிக்குமுன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.