கடலோரத் தொழுவத்தில் கன்று வளர்ப்பு

கன்று பிறக்கும்போது அதன் உடலில் நோயை எதிர்க்கும் சக்தி ஏறக்குறைய இல்லை. மனிதக் குழந்தைக்கு அந்தச் சக்தியில் ஒரு பங்கு கருவில் இருக்கும்போதே தாயிடமிருந்து வந்துவிடும். மாட்டின் நஞ்சுக்கொடி அதைக் கடத்தாது. எனவே கன்றுக்குச் சீம்பால் ஒன்றே வழி. அதிலும், சீம்பாலில் உள்ள எதிர்ப்புப் பொருளைக் குடல் அப்படியே உறிஞ்சிக்கொள்வது முதல் சில மணி நேரம்தான். நேரம் ஆக ஆக அந்த வாசல் ஒடுங்கி, 24 மணி நேரத்தில் அடைபட்டுவிடும். 25 கிலோ எடையில் பிறந்த கன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு லிட்டராவது குடித்திருக்க வேண்டும்.

இளங்கொடி விழுந்த பிறகே கன்றை மடியில் விட வேண்டும் என்ற நம்பிக்கை பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. கொடி விழ எட்டு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை கன்றைக் கட்டிப்போட்டால் அதன் ஆயுளில் மிக விலையுயர்ந்த பொழுது வீணாகிறது. உண்மையில் கன்று ஊட்டினால் கருப்பை சுருங்கும். கொடி விழவும் அது உதவும். சீம்பாலில் கருப்பட்டி போட்டுக் காய்ச்சி அண்டை வீட்டுக்குக் கொடுப்பது நல்ல வழக்கம். ஆனால் கன்று வயிறு நிறையக் குடித்த மிச்சத்தில்தான் அதைச் செய்ய வேண்டும். தொப்புள்கொடியை இரண்டு அங்குலம் விட்டு நூலால் கட்டி நறுக்கி, டிஞ்சர் அயோடின் தடவுவதும் அதே நேரத்து வேலை. தொப்புள் வழியே நுழையும் கிருமி மூட்டு வீக்கமாக வெளிப்படும்போது சிகிச்சை கடினமாகியிருக்கும்.

அடுத்தது இடம். இராமநாதபுரம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி வெயில். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் வாடைக்காற்றும். வெயில் காலத்தில் காற்று தாராளமாக நுழைய வேண்டும். மழை மாதங்களில் ஈரக்காற்று கன்றின் மேல் நேராக அடிக்கக் கூடாது. கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் உச்சி வெயில் உள்ளே விழுவது குறையும். வடக்கிலும் கிழக்கிலும் கழற்றி மாட்டக்கூடிய கிடுகுத் தட்டி போதும். மழை முடிந்ததும் எடுத்துவிடலாம். கூரைக்குப் பனை ஓலையை மிஞ்சியது இல்லை. தகரத்தின் அடியில் நண்பகலில் நிற்கும் கன்று மூச்சிரைத்து, தீவனத்தைத் தொடாமல் கிடக்கும். தகரம் போட்டவர்கள் அதன்மேல் ஓலை பரப்பினாலே வெப்பம் கணிசமாகத் தணியும்.

தரை விஷயத்தில் இந்த மண்ணுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்து மணல் மூத்திரத்தை உடனே உள்வாங்கிவிடும். மேல் மணலை அவ்வப்போது வழித்துப் புதிதாகப் போட்டு வந்தால், சிமெண்டுத் தரையைவிட இதுவே கன்றுக்கு உகந்தது. படுக்கை உலர்ந்திருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை இருக்கிறது: கன்று படுக்கும் இடத்தில் அரை நிமிடம் மண்டியிட வேண்டும். முழங்காலில் வேட்டி நனைந்தால் இடம் சரியில்லை. அப்படியே குனிந்து, கன்றின் மூக்கு இருக்கும் உயரத்தில் மூச்சை இழுத்தால் கண் எரிகிறதா என்பதும் தெரியும். அந்த எரிச்சல் மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவால் வருவது. கன்றின் நுரையீரலை அது புண்ணாக்கும். மாலையில் கொசுவுக்குப் போடும் வேப்பிலைப் புகையும் அடைத்த இடத்தில் தேங்கினால் கெடுதல்தான்.

தண்ணீர்தான் இங்கே பெரிய சிக்கல். கடலோரக் கிணறுகள் பல உவர்ப்பானவை. கோடையில் உப்பு இன்னும் ஏறும். பெரிய மாடு ஓரளவு தாங்கும், கன்றுக்குக் கழிச்சல் கண்டுவிடும். வீட்டார் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கைக் கன்றுக்கும் ஒதுக்குவது செலவில் சேராது. கழிச்சல் வந்தால் பாலை நிறுத்துவது தவறு. உடலை விட்டுப் போகும் நீரும் உப்பும் திரும்ப வேண்டும். பாலைக் கொடுத்துக்கொண்டே, இடைவேளைகளில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, கண் குழிவிழுவதற்கு முன்பே மருத்துவரை அழைக்க வேண்டும்.

பாலைப் பங்கிடுவதில்தான் பல கன்றுகள் தோற்றுப்போகின்றன. சொசைட்டிக்கு ஊற்றியது போக மிஞ்சியது கன்றுக்கு என்றால் எலும்பு தெரியத்தான் செய்யும். முதல் மாதம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால், இரண்டு வேளையாகத் தேவை. பிறகு படிப்படியாகக் குறைக்கலாம். இரண்டாவது வாரத்திலேயே கன்றுத் தீவனத்தை ஒரு கைப்பிடி நாக்கில் தடவிப் பழக்க வேண்டும். தானியம் வயிற்றில் நொதிக்கும்போது உண்டாகும் அமிலங்களே அசைபோடும் இரைப்பையை வளர்க்கின்றன. வைக்கோல் மட்டும் தின்ற கன்று வயிறு பெருத்தும் உடல் சிறுத்தும் நிற்பது இதனால்தான்.

காளைக் கன்றின் நிலை இன்னும் மோசம். புலிக்குளம் மாட்டுக் கிடைகளில் காளைக்கு மதிப்பு உண்டு. கலப்பினக் காளைக் கன்றையோ கேட்பாரில்லை. அது இறந்தால் தோலில் வைக்கோல் திணித்து மடியருகே நிறுத்திக் கறக்கும் பழக்கமும் இருந்தது. கன்றைக் காப்பாற்ற ஆகும் பால் நாளைக்குச் சில லிட்டர்கள்தான்.

மண் நக்கும் கன்றுக்குப் பெரும்பாலும் தாது உப்புக் குறை அல்லது குடற்புழு இருக்கும். வாய்க்கூடு மாட்டுவது தற்காலிகம். சில புழுக்கள் தாயின் பால் வழியாகவே வருவதால் முதல் குடற்புழு மருந்தைப் பத்தாம் நாளை ஒட்டியே கொடுத்து, ஆறு மாதம் வரை மாதந்தோறும் மருத்துவர் சொல்லும் அளவில் தொடர வேண்டும்.

ஒழுங்காக வளர்ந்த கலப்பினக் கிடாரி ஒன்றரை வயதில் 250 கிலோவை எட்டிச் சினை ஊசிக்குத் தயாராகும். வாடிய கன்றுக்கு மூன்று ஆண்டும் ஆகலாம். கருச்சிதைவு நோய்க்கான புருசெல்லா தடுப்பூசி கிடாரிக்கு வாழ்நாளில் ஒரே முறை, 4 முதல் 8 மாத வயதுக்குள் போடப்படுகிறது. 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. கிடாரிக்கு நான்கு மாதம் நிறைந்ததும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் சொல்லி வையுங்கள்.