கினிப்பன்றியின் தோலில் படர்தாமரை: செய்ய வேண்டியதும் செய்யக்கூடாததும்

2006ஆம் ஆண்டு சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை முதலிய ஊர்களிலிருந்து இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் பல, கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தன. 2015, 2016ஆம் ஆண்டுகளில் சம்பூர்க் காணிகள் விடுவிக்கப்பட்ட பின்னரே அவற்றிற் பல ஊர் திரும்பின. அந்தக் காலம் நமக்கு ஒன்றைக் கற்றுத் தந்தது. மனிதரும் மிருகமும் ஒரே கூரையின் கீழ் நெருங்கி வாழும்போது, ஒருவரின் தோல்நோய் மற்றவருக்கு வர அதிக நாள் எடுக்காது.

மாடு கட்ட இடமில்லாத வளவிலும் பிள்ளைகளின் ஆசைக்காக ஒரு முயலையோ ஒரு சோடி கினிப்பன்றியையோ வளர்க்கலாம். அந்தச் சின்ன உயிரின் முகத்தில் மயிர் கொட்டுகிறது. சில நாளில் பிள்ளையின் கையில் வட்டமாக ஒரு தடிப்பு எழும்புகிறது. "இதைக் கொண்டுபோய்க் காட்டில் விடு" என்று அயலவர் சொல்வார்கள். பிள்ளை அழும். உண்மையில் இது மாற்றக்கூடிய நோய். மிருகத்தை எறிந்துவிட்டாலும் கூட்டிலும் சாக்கிலும் உள்ள நோய்வித்து எங்கும் போய்விடாது.

நோய் எது?

படர்தாமரை புழுவால் வருவதல்ல. அது ஒரு பங்கசு. தோலின் மேற்படையிலும் மயிரிலும் நகத்திலும் உள்ள கெரற்றின் என்னும் பொருளைத் தின்று வாழ்வது. கினிப்பன்றியில் பெரும்பாலும் காணப்படுவது ரைக்கோபைற்றன் மென்ரகுரோபைற்றிசு என்னும் வகை. மாட்டுக்கன்றின் கண்ணைச் சுற்றிச் சாம்பல் நிறப் பொருக்காக வருவது அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு வகை. இரண்டும் மனிதருக்குத் தொற்றும்.

கினிப்பன்றியில் இது வழக்கமாக மூக்கு, கண், காது ஆகியவற்றைச் சுற்றித் தொடங்கும். மயிர் உடைந்து கொட்டும். தோல் வறண்டு வெண்மையான செதில் விடும். பின்னர் முதுகுக்கும் பரவலாம். குட்டிகள், புதிதாகக் கொண்டுவந்தவை, நெருக்கமான கூட்டிலும் ஈரத்திலும் இருப்பவை, நல்ல தீன் கிடைக்காதவை ஆகியனவே அதிகம் பாதிக்கப்படுகின்றன. மாரிகாலத்தில் கூட்டின் படுக்கை காயாமல் இருப்பதும் ஒரு காரணம். சில மிருகங்கள் எவ்வித அடையாளமும் இன்றி நோய்வித்தைச் சுமந்து திரியும். ஆகவே ஒன்றுக்கு நோய் கண்டால் அதே கூட்டில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டும்.

மயிர் கொட்டுவதெல்லாம் படர்தாமரையா?

இல்லை. மூன்று விடயங்களைப் பிரித்துப் பாருங்கள்.

ஒன்று, சொறிப்பூச்சி. இது தோலைத் துளைத்து வாழும் மிகச் சிறிய பூச்சி. இது பிடித்த கினிப்பன்றி ஓயாமல் சொறியும். தொட்டாலே கத்தும். கடுமையானால் வலிப்பும் வரும். படர்தாமரையில் இவ்வளவு சொறிச்சல் இருப்பதில்லை.

இரண்டு, பேன். மயிரை விலக்கி வெளிச்சத்தில் பார்த்தால் அசைவதும் ஈர் ஒட்டியிருப்பதும் தெரியும்.

மூன்று, விற்றமின் சி குறைவு. மனிதரைப் போலவே கினிப்பன்றியாலும் விற்றமின் சியைத் தன் உடலில் ஆக்க முடியாது. 1907ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு ஆய்வாளர்கள் ஓல்சுற்றும் புரோலிக்கும் கினிப்பன்றிகளுக்குத் தானியம் மட்டுமே கொடுத்தபோது, கப்பலோட்டிகளுக்கு வரும் சொறிகரப்பான் நோய் அவற்றுக்கும் வந்ததைக் கண்டார்கள். மயிர் கரடுமுரடாதல், சோர்வு, மூட்டு வீக்கம், நடக்க மறுத்தல் ஆகியன இதன் அடையாளங்கள்.

சரியாக அறிய வேண்டுமானால் மிருக வைத்தியர் பொருக்கையும் மயிரையும் சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். பங்கசை வளர்த்துப் பார்ப்பதற்குச் சில வாரங்கள் செல்லலாம். ஊதா ஒளி விளக்கில் ஒளிரவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. கினிப்பன்றியில் வரும் இந்த வகை அதில் ஒளிர்வதில்லை.

மருந்து

சிறிய இடமாக இருந்தால் குளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் களிம்பை வைத்தியரிடம் கேட்டுப் பூசலாம். புண்ணைச் சுற்றியுள்ள மயிரைத் தோலில் காயம்படாமல் கத்தரித்து, அந்த மயிரை எரித்துவிடுங்கள். களிம்பை மெல்லியதாக, புண்ணின் ஓரத்தைத் தாண்டியும் தேய்த்துவிட வேண்டும். மயிர் முளைத்தவுடன் நிறுத்த வேண்டாம். ஆறியதாகத் தெரிந்த பின்னும் வைத்தியர் சொன்ன காலம்வரை தொடர வேண்டும். முழுமையாக மாறப் பல வாரங்கள் செல்லும்.

பரவிவிட்டால் வாய்வழி மருந்து தேவைப்படும். இதற்கும் கினிப்பன்றிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1958ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜென்ரில்ஸ் என்ற ஆய்வாளர், படர்தாமரை பிடித்த கினிப்பன்றிகளுக்குக் கிறிசியோபுல்வின் மருந்தை வாய்வழி கொடுத்து மாற்றிக் காட்டினார். அதன் பின்னரே மனிதருக்கும் அம்மருந்து வழங்கப்பட்டது. சினைப்பட்ட மிருகத்துக்கு இதைக் கொடுக்கக்கூடாது. குட்டிகள் ஊனமாகலாம். இன்று வேறு மருந்துகளும் உண்டு. அளவை வைத்தியரே சொல்ல வேண்டும்.

செய்யக்கூடாதவை

வாகனக் கழிவு எண்ணெய், மண்ணெண்ணெய், பற்றரித் தண்ணீர் எதையும் பூச வேண்டாம். அவை தோலை எரிக்கும். மிருகம் நக்கினால் நஞ்சாகும். சீமையகத்தி இலையைப் படர்தாமரைக்கு அரைத்துப் பூசுவது நம்மவர் பழக்கம். ஆனால் அதே இலை பேதிமருந்துமாகும். தன் உடலை நக்கும் சிறு மிருகத்துக்கு அது ஆகாது.

வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அமொக்சிசிலின், பென்சிலின் குளிசைகளைக் கரைத்துப் பருக்க வேண்டாம். பங்கசுக்கு அவை வேலை செய்யா. கினிப்பன்றியின் குடலிலுள்ள நல்ல கிருமிகளைக் கொன்று, சில நாளில் மிருகத்தையே சாகடித்துவிடும்.

பெற்றாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் கலந்த களிம்பை மனிதருக்கும் மிருகத்துக்கும் தவிருங்கள். சிவப்பும் கடியும் குறையும். உள்ளே நோய் படரும்.

கூடும் வீடும்

நோய்வித்து உதிர்ந்த மயிரிலும் செதிலிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே மருந்து பாதி, துப்புரவு பாதி. படுக்கையையும் பழைய சாக்கையும் எரியுங்கள். கூட்டைச் சவர்க்காரம் போட்டு உரஞ்சிக் கழுவுங்கள். பின்னர் வீட்டில் பாவிக்கும் வெளிற்றும் திரவம் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பூசி, பத்து நிமிடம் விட்டுக் கழுவி, வெயிலில் காய வையுங்கள். அத்திரவத்தோடு வேறெந்தத் துப்புரவுப் பொருளையும் கலக்க வேண்டாம். மணம் போன பின்பே மிருகத்தை விடுங்கள். நோயுள்ளதைத் தனிக்கூட்டில் வைத்து, அதைக் கடைசியாகக் கவனியுங்கள். புதிய மிருகத்தை இரண்டு, மூன்று வாரம் தனியே வைத்தபின் மற்றவற்றோடு சேருங்கள்.

தீன் முக்கியம். கினிப்புல் தாராளமாகப் போடுங்கள். கொய்யாப்பழத் துண்டு, சிறிதளவு முருங்கையிலை ஆகியவற்றில் விற்றமின் சி உண்டு. வெறும் தவிடும் சோறும் போதா.

பிள்ளைகளுக்கு

மிருகத்தைத் தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள். நோய் மாறும்வரை முகத்தோடு அணைக்கவோ படுக்கையில் வைக்கவோ விட வேண்டாம். பிள்ளையின் தோலில் வட்டத் தடிப்போ தலையில் மயிர் கொட்டும் இடமோ கண்டால் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். தலையில் வந்தால் களிம்பு மட்டும் போதாது. வாய்வழி மருந்து வேண்டும். வீட்டில் மிருகம் இருப்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். துவாய், சீப்பு, தலையணை ஆகியவற்றைப் பகிர வேண்டாம்.

படர்தாமரை அசுத்தமான குடும்பத்துக்கு வரும் நோயல்ல. அகதி வாழ்வின் அடையாளமும் அல்ல. நெருக்கமும் ஈரமும் உள்ள எந்த வீட்டுக்கும் அது வரும். அதற்காக எந்தப் பிள்ளையையும் வகுப்பில் ஒதுக்கி இருத்தக்கூடாது. உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு மிருகத்தைக் காற்றோட்டமான பெட்டியில் கொண்டுசென்று காட்டுங்கள். கன்றுக்கும் ஆட்டுக்கும்தான் அங்கே மருந்து என்று நினைத்துத் தயங்க வேண்டாம்.