‘சரி’ன்னா எது சரி?

இன்னைக்கு ரெண்டே எழுத்துல இருக்கிற ஒரு பட்டனைப் பத்திப் பேசப்போறேன்.

எங்க பெரியம்மா திருத்தணிக்காரங்க. வீட்டுல பேசுறது தெலுங்கு, ஸ்கூல்ல படிச்சது தமிழ். எல்லை ஊர் இல்லையா, அங்கே இது சகஜம். 1960-லதான் திருத்தணி ஆந்திராவிலிருந்து நம்ம பக்கம் வந்துச்சு. பெரியம்மா போன்லயும் மெனு தமிழ்லதான்.

காசிக்குப் போட்டிருந்த டிக்கெட்ல தேதியைப் பார்க்கப்போய், கைதவறி எதையோ தொட்டுட்டாங்க. “டிக்கெட்டை ரத்து செய்யவா?”ன்னு கேள்வி வந்துச்சு. கீழே ரெண்டு பட்டன்: ‘ரத்து செய்’, ‘சரி’. ரத்துங்கிற வார்த்தையைப் பார்த்தே பயந்து, “சரி, இருக்கட்டும்”னு ரெண்டாவதை அழுத்திட்டாங்க. டிக்கெட் போச்சு. பிடித்தம் போக மிச்சப் பணம்தான் திரும்பி வந்துச்சு. “எனக்குத்தாம்பா இதெல்லாம் தெரியல”ன்னாங்க. பணத்தைவிட அந்த வார்த்தைதான் எனக்கு வலிச்சது.

தப்பு அவங்க மேல இல்லை. ஆங்கிலத்துல அந்த ‘கேன்சல்’ பட்டனுக்கு ‘இந்தக் கேள்வியை விடு’ன்னு அர்த்தம். ஆனா மொழிபெயர்க்கிறவருக்குப் பல நேரம் திரையே காட்டப்படுறதில்லை, வார்த்தைப் பட்டியல் மட்டும்தான் வரும். ‘ஓப்பன்’னு இருந்தா அது ‘திற’வா, ‘திறந்திருக்கிறது’ன்னா? கெட்டெக்ஸ்ட் மாதிரி கருவிகள்ல ப்ரோகிராமர் சூழலைக் குறிச்சு அனுப்ப வசதி இருக்கு. அதைச் செய்யாம விட்டா, மொழிபெயர்ப்பாளர் ஊகிக்கத்தான் வேணும்.

இது தமிழுக்கு மட்டும் வந்த சிக்கலும் இல்லை. ஆப்பிளோட லிசா கம்ப்யூட்டர் 1983-ல வெளிவந்துச்சு. அதுக்கு முன்னாடி நடந்த சோதனையில ‘டூ இட்’னு ஒரு பட்டன் இருந்தது. அதைச் சிலர் ‘டோல்ட்’னு, அதாவது ‘முட்டாள்’னு படிச்சுட்டாங்க. அதனால அதை ‘ஓகே’ன்னு மாத்தினாங்க. சாதாரண ஆட்களை உட்காரவெச்சுப் பார்த்ததாலதான் அந்தத் தப்பே தெரிஞ்சது.

தமிழ்ல இன்னொரு நுணுக்கமும் இருக்கு: யார் யாருக்குச் சொல்றாங்க? ‘சேமி’, ‘அழி’ எல்லாம் நாம மெஷினுக்குப் போடுற உத்தரவு. ‘கடவுச்சொல்லை உள்ளிடவும்’ங்கிறது மெஷின் நம்மகிட்ட கேட்கிறது. ஒரே திரையில இந்த ரெண்டையும் கலந்தா, படிக்கிறவங்க குழம்பிடுவாங்க.

அப்போ என்ன செய்யலாம்? கேள்வியைக் கையால மறைச்சுட்டு, பட்டனை மட்டும் படிச்சுப் பாருங்க. அப்பவும் என்ன நடக்கும்னு புரியணும். ‘டிக்கெட்டை ரத்து செய்’, ‘டிக்கெட் இருக்கட்டும்’. அவ்வளவுதான். திரையில கொஞ்சம் இடம் கூடுதலாப் போகும், போகட்டுமே.

இந்த ரெண்டையும் பேப்பர்ல எழுதிப் பெரியம்மாகிட்ட காட்டினேன். ஒரு நொடிகூட யோசிக்காம ரெண்டாவதைத் தொட்டாங்க. “இப்படிக் கேட்டிருந்தா நான் ஏம்பா தப்பு பண்ணப்போறேன்?”னாங்க.

நீங்க ஆப் செய்யறவரா இருந்தா, வெளியிடறதுக்கு முன்னாடி உங்க வீட்டுப் பெரியம்மாகிட்ட ஒருதடவை காட்டிடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.